துறைமுக வரிசையிலிருந்து வைஸ் சிட்டிக்கு

மே 4, 2024, சனி

கத்திரி இன்றைக்கு ஆரம்பம். காலை பதினொரு மணிக்கு எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வரிசையில் வண்டியை நிறுத்தினேன். பின்னால் நாற்பதடி கன்டெய்னர் பெட்டி, ஃபுல் லோடு. துறைமுக கேட்டுக்குள் நுழையும்போது மாலை நாலு. ஐந்து மணி நேரத்தில் இரண்டு கிலோமீட்டர் நகர்ந்திருப்போம். முன்னால் நிற்கிற வண்டி பத்தடி போனால் நானும் உடனே பத்தடி போக வேண்டும், இல்லையென்றால் பக்கத்து வண்டி நடுவில் மூக்கை நுழைத்துவிடும். அதனால் தூங்கவும் முடியாது.

வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டதும் அக்கா மகன் விட்டுப்போன கம்ப்யூட்டரைப் போட்டேன். கோயம்புத்தூருக்கு வேலைக்குக் கிளம்பும்போது, "மாமா, உனக்குப் பிடிச்சது ஒண்ணு ஏத்தி வச்சிருக்கேன், பாரு" என்று சொல்லியிருந்தான். திறந்தால் வைஸ் சிட்டி, கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ (ஜிடிஏ) வரிசையில் வந்த ஒரு கம்ப்யூட்டர் கேம். இருபது வருஷம் ஆகிறது இதைத் தொட்டு.

ஹோட்டல் வாசலில் இருந்து கடற்கரை ரோட்டில் ஒரு காரை எடுத்துக்கொண்டு தெற்கு முனை வரை போனேன். மறுபடி வடக்கே வந்தேன். யாரையும் சுடவில்லை, கேம் கொடுக்கிற வேலையான மிஷன் எதையும் எடுக்கவில்லை. ரோடு காலியாக இருந்தது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் வண்டி போனது. அவ்வளவுதான் வேண்டியிருந்தது எனக்கு.

மே 5, ஞாயிறு

2004-ல் நான் எட்டாவது படித்தேன். தண்டையார்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டர். மணிக்கு 20 ரூபாய், அரை மணிக்கு 10. ஆறு கம்ப்யூட்டர் இருந்தும் நாலாம் நம்பரில் மட்டும்தான் கேம் ஓடும், மற்றதில் கிராபிக்ஸ் கார்டு இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப் பையோடு அந்த நாலாம் நம்பருக்கு வரிசை.

அந்தக் கதை 1986-ல் நடப்பதாக வரும். மயாமி மாதிரி ஒரு ஊர். டாமி வெர்செட்டி என்று ஒரு ஆள், ஜெயிலிலிருந்து வந்தவன். எங்களுக்கு ஆங்கில வசனம் ஒரு வரி புரியாது. ஆனால் சீட் கோடு, அதாவது அடித்தால் கேமில் சலுகை கிடைக்கிற ரகசியச் சொற்கள், எல்லாம் மனப்பாடம். பேன்சர் என்று அடித்தால் டாங்கி வரும். ஆஸ்பிரின் என்று அடித்தால் உயிர் ஏறும், ஆனால் அதன் கடைசியில் இங்கிலீஷ் E எழுத்து ஒன்றைச் சேர்த்து அடிக்க வேண்டும். போலீஸ் எவ்வளவு தீவிரமாகத் துரத்துகிறது என்று காட்டுகிற ஸ்டாரை இறக்க லீவ் மீ அலோன், நடுவில் இடம் விடாமல். எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் பாதிப் பையன்கள் கீபோர்டில் விரல் பழகியது அப்படித்தான்.

சென்டர் அண்ணன் ஒரு வேலை செய்திருந்தார். அந்த கேமின் ஃபோல்டருக்குள் எம்பி3 என்று இன்னொரு ஃபோல்டர் இருக்கும், அதில் நம் பாட்டைப் போட்டால் காரில் ஒரு ரேடியோ ஸ்டேஷனாக வரும். அவர் கானா போட்டு வைத்திருந்தார். பனைமரமும் நியான் விளக்கும் இருக்கிற ரோட்டில், மழை பெய்கிற நேரத்தில், டோலக் சத்தத்தோடு கார் போகும். வைஸ் சிட்டி என்றால் இன்றைக்கும் எனக்கு அந்த டோலக்தான் கேட்கிறது.

ஆற்றாமையும் அங்கேயே ஆரம்பித்தது. சேவ் பண்ண எட்டு இடம்தான் உண்டு. நாலாம் நம்பரில் உட்காருகிறவர்கள் நாற்பது பேர். வாரக் கணக்கில் காசு சேர்த்து விளையாடியதை, எவனோ ஒருவன் என் இடத்திலேயே சேவ் பண்ணி அழித்துவிடுவான். மூன்று முறை அப்படிப் போனது. கதையை நான் ஒரு தடவைகூட முடித்ததில்லை.

மே 8, புதன்

இன்றும் வரிசை. நாலு மணி நேரம்.

வண்டியில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். வைஸ் சிட்டியில் ஒரு நிமிஷம் என்பது நம் ஒரு விநாடி. ஒரு முழு நாள் 24 நிமிஷத்தில் முடிந்துவிடும். நான் வரிசையில் நின்ற நேரத்தில் அங்கே பத்து நாள் ஓடியிருக்கும். பத்து முறை விடிந்து பத்து முறை இருட்டியிருக்கும். சனிக்கிழமை நின்றதற்குப் பன்னிரண்டரை நாள்.

இரவு விளையாடும்போது பழைய வினோதம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஏதாவது ஒரு நல்ல காரைத் தேடித் தேடி அலைவோம், கிடைக்காது. கிடைத்து ஏறி உட்கார்ந்ததும், எதிரே வருகிறது, பக்கத்தில் நிற்கிறது என்று எல்லாம் அதே கார். சின்ன வயதில் இதைப் பேய் வேலை என்றே நம்பினோம். காரணம் எளிது. முதலில் இது பிளேஸ்டேஷன் 2 என்கிற கேம் மெஷினுக்காகச் செய்தது. அதன் மெயின் மெமரி 32 எம்பிதான். அதற்குள் ஊர், மனிதர்கள், வண்டிகள் எல்லாம் அடங்க வேண்டும். அதனால் ஒரு நேரத்தில் சில வகை வண்டிகளைத்தான் ஏற்றி வைத்திருக்கும். நீ ஏறிய வண்டி ஏற்கெனவே மெமரியில் இருப்பதால் அதையே சுற்றிலும் ஓட விடும். பாலம் தாண்டி அடுத்த தீவுக்குப் போகும்போது திரை ஒரு நிமிஷம் நின்று லோடு ஆவதும் இதனால்தான்.

அந்த 32 எம்பிக்குள் ஒரு ஊரை உயிரோடு நிறுத்தினார்களே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இப்போது வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு கல்யாண வீடியோ அதைவிடப் பெரியது.

மே 12, ஞாயிறு

லீவு. மதியம் முழுக்க ஒரே மிஷன்.

பேங்க் கொள்ளைக்கு ஆள் சேர்க்கிற இடம். நல்ல டிரைவர் ஒருவன் வேண்டும், அவன் பெயர் ஹிலரி. தன்னை ரேஸில் ஜெயிக்கிறவனுக்குத்தான் வண்டி ஓட்டுவேன் என்கிறான். அவனுக்கு சேபர் டர்போ என்கிற வேகமான கார். நமக்குக் கொடுப்பது அதைவிட மெதுவான சென்டினல். தார் ரோட்டில் நிற்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இது சமமான போட்டி இல்லை. போதாததற்கு ரேஸ் தொடங்கியதும் போலீஸ் துரத்தும்.

ஏழு தடவை தோற்றேன்.

கீபோர்டில் ஸ்டியரிங் என்பதே கிடையாது. இடது பட்டனை அழுத்தினால் சக்கரம் முழுசாக இடப்பக்கம் போய்விடும், விட்டால் நேராகிவிடும். நடுவில் ஒன்றும் இல்லை. அதனால் வளைவில் விரலை வைத்து அழுத்தக் கூடாது, தட்டித் தட்டி எடுக்க வேண்டும். என் கை பழகியது வேறு மாதிரி. டிரெய்லரில் வளைவு வந்தால் முன்பக்கத்தை நேரே அதிகம் விட்டு, அப்புறம்தான் ஒடிக்க வேண்டும், ஏனென்றால் பின்சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒருமுறை அவசரமாக ஒடித்து, பின்சக்கரம் நடைபாதைக் கல்லில் ஏறிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. யாரும் நிற்கவில்லை, கடவுள் புண்ணியம். அந்தப் பழக்கத்தில் சென்டினலையும் அகலமாக எடுக்கிறேன், எதிரே வருகிற காரில் போய் முட்டுகிறது.

தோற்றதில் எனக்குக் கோபம் இல்லை. எத்தனை சந்து, எத்தனை பாலம், புல்வெளி, படிக்கட்டு எல்லாம் வைத்து ஒரு ஊரைக் கட்டிக் கொடுத்துவிட்டு, மிஷன் தொடங்கியதும் இந்தப் புள்ளிக்கு வா, அடுத்து அந்தப் புள்ளிக்கு வா என்று ஒரே கோட்டில் இழுப்பதுதான் வலிக்கிறது. எனக்குத் தெரிந்த குறுக்குச் சந்து அங்கே செல்லாது. சும்மா சுற்றும்போது அது என் ஊர். மிஷன் எடுத்ததும் துறைமுக வரிசை ஆகிவிடுகிறது.

மே 14, செவ்வாய்

மூன்று முயற்சி. ஒருமுறை செத்து ஆஸ்பத்திரி வாசலில் எழுந்தேன், துப்பாக்கி எல்லாம் போய்விட்டது. தூங்கப் போகிறேன்.

மே 17, வெள்ளி

என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏங்க, நாள் பூரா வண்டி ஓட்டிட்டு வந்து இங்கேயும் வண்டியா? அதுவும் அடிதடி" என்றாள். குழந்தை விழித்திருக்கும்போது இதைப் போடுவதில்லை என்று ஏற்கெனவே அவளிடம் சொல்லியிருக்கிறேன். இது பெரியவர்களுக்கான கேம், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. நடந்து போகிறவர்கள் மேல் ஏற்றுவதை நான் சின்ன வயதில் செய்திருக்கிறேன், இப்போது கை வரவில்லை. நிஜத்தில் நாற்பது டன்னை இழுத்துக்கொண்டு போகிறவனுக்கு, குறுக்கே ஒரு ஆள் வந்தால் வயிறு தானாகவே இறுகும். திரையிலும் இறுகுகிறது.

அவளிடம் இன்னொன்றும் சொன்னேன். இதில் கியூபாக்காரர்கள், ஹைட்டிக்காரர்கள் என்று இரண்டு கும்பல் உண்டு. ஹைட்டி மக்களை மொத்தமாகக் கொல்லச் சொல்கிற மாதிரி ஒரு வசனம் வந்தது. 2003 கடைசியில் அமெரிக்காவில் வாழ்கிற ஹைட்டி மக்கள் வீதிக்கு வந்து எதிர்த்தார்கள். வெளியிட்டவர்கள் அடுத்து வந்த பிரதிகளில் அதை எடுத்துவிட்டார்கள்.

பிரவுசிங் சென்டரில் இது எதுவும் எனக்குத் தெரியாது. இப்போது படிக்கும்போது அவர்கள் பக்கம்தான் மனசு போகிறது. காலாடிப்பேட்டை என்று சொன்னதும் ஆளை மேலும் கீழும் பார்த்தவர்கள் எனக்கும் உண்டு. வாடகைக்கு வீடு கேட்கப் போன இடத்தில், "வடசென்னையா?" என்று ஒரு அம்மா கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். ஒரு பேட்டையையே கத்தியும் கையுமாக வரைந்து வைத்தால் அங்கே மீன் விற்கிறவளும் பெட்டி ஏற்றுகிறவனும் அந்தப் படத்துக்குள்தான் வாழ வேண்டியிருக்கிறது. அவர்கள் எதிர்த்தது நியாயம். எடுத்ததும் நியாயம்.

மே 19, ஞாயிறு

காலையில் காசிமேடு போனேன். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15-லிருந்து 61 நாள். விசைப்படகு எல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடக்கிறது. நாலாம் நம்பரில் என்னோடு உட்கார்ந்த கூட்டாளி படகில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். வைஸ் சிட்டி ஆடுகிறேன் என்றதும் முகமே மாறிவிட்டது.

அவனுக்கு அந்த கேமில் ஒரே ஒரு மனக்குறை. டாமிக்கு நீச்சல் தெரியாது. கடலைச் சுற்றிக் கட்டின ஊர், போட் ஓட்டுகிறான், ஆனால் தண்ணீரில் கால் தவறினால் அடுத்த நிமிஷம் செத்துப்போவான். நாங்கள் இரண்டு பேரும் தூண்டில் வளைவுப் பாறையிலிருந்து குதித்து வளர்ந்தவர்கள். "கடக்கரைல இருக்கிறவனுக்கு நீச்சல் வராதாடா?" என்று அப்போதே திரையைப் பார்த்துக் கத்துவான். அடுத்து 2004-ல் வந்த சான் ஆண்ட்ரியாஸில் நீச்சல் வந்துவிட்டது. முதல் நாள் அவன் மிஷனே எடுக்கவில்லை, ஒரு மணி நேரமும் கடலில் முங்கி முங்கி எழுந்தான். 20 ரூபாய் அதற்கே போனது. அதை இன்று அவனே நினைவுபடுத்தினான்.

மே 23, வியாழன்

அக்கா மகன் போன் செய்தான். "இன்னுமா மாமா அந்த ரேஸ்? புதுசு ஆடு. ஜிடிஏ அஞ்சாவதுல தோத்தா பாதியிலேர்ந்தே விடுவான். மூணு தடவை தோத்தா தாண்டியே போயிடலாம்."

உண்மைதான். 2008-ல் வந்த நாலாவதில் தோற்றதும் போனில் கேட்கும், மறுபடி ஆடுகிறாயா என்று. 2013-ல் வந்த ஐந்தாவது இன்னும் இரக்கமானது. வைஸ் சிட்டியில் அப்படி இல்லை. தோற்றால் மிஷன் கொடுத்த இடத்துக்குத் திரும்பி முதலிலிருந்து. இப்போதைய பிள்ளைகளை அந்தப் பொறுமையோடு ஆடச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் எனக்கு அந்த ஊர் தெரிந்தது தோற்றுத் தோற்றுத் திரும்பிப் போன வழியில்தான். எந்தச் சந்தில் கவசம் கிடக்கும், வண்டிக்குப் பெயின்ட் மாற்றி போலீஸிடமிருந்து தப்பிக்கிற பே அண்ட் ஸ்ப்ரே கடைக்குள் எந்தப் பக்கம் திருப்பினால் போலீஸ் முட்டாமல் நுழையலாம், எல்லாம்.

போலீஸைப் பற்றி ஒன்று படித்தேன். ஜிடிஏ வரிசையின் முதல் கேம் 1997-ல் ஸ்காட்லாந்தில் டண்டி என்கிற ஊரில் டிஎம்ஏ டிசைன் என்பவர்கள் செய்தது. தொடங்கும்போது பெயர் ரேஸ் அண்ட் சேஸ். செய்யும்போது ஏதோ கோளாறில் போலீஸ் கார்கள் வெறி பிடித்த மாதிரி வந்து மோதினவாம். ஆடிப் பார்த்தவர்களுக்கு அதுதான் பிடித்திருந்தது, அதனால் அதையே வைத்துக்கொண்டோம் என்று அதில் வேலை செய்தவர்கள் பின்னால் சொல்லியிருக்கிறார்கள். ஏழு தடவை என்னை நசுக்கிய போலீஸ் கார்களின் பூர்வீகம் அது.

மே 26, ஞாயிறு

ஜெயித்துவிட்டேன். இரவு பதினொன்றே கால்.

வேகத்தை விட்டுவிட்டேன். டிரெய்லர் ஓட்டுகிற மாதிரியே ஓட்டினேன். வளைவுக்கு நாலு வண்டி நீளம் முன்னாலேயே பிரேக், வளைவுக்குள் பிரேக்கைத் தொடுவதில்லை, நேராகும்போதுதான் ஆக்சிலேட்டர். ஹேண்ட் பிரேக்கை ஒருமுறைகூடத் தொடவில்லை. பாதி தூரம் வரை அவன் பின்விளக்குகூடத் தெரியவில்லை. ஒரு சந்திப்பில் பார்த்தால் எதிரே வந்த வேனில் சிக்கி நிற்கிறான், ரிவர்ஸ் எடுக்கிறான். பக்கத்தில் உரசாமல் போனேன். கடைசிப் புள்ளிவரை கை நடுங்கியது. அந்த மிஷன் முடிந்த மியூசிக் வந்ததும் பக்கத்து அறையில் குழந்தை புரண்டு படுத்தாள், சத்தத்தைக் குறைத்தேன்.

2004-ல் இந்த இடம்வரை இரண்டு தடவை வந்திருக்கிறேன், இதைத் தாண்டியதில்லை. அடுத்தது பேங்க். எடுக்கவில்லை. ஒரு டாக்ஸியைப் பிடித்து சவாரி ஆரம்பித்தேன். கையைக் காட்டுகிறவனை ஏற்றி, சொன்ன இடத்தில் இறக்கி, காசு வாங்குவது. நூறு சவாரி இருக்கிறது. பதினாலு முடித்தேன். பன்னிரண்டாவது சவாரியில் மழை பிடித்தது.

கேமில் டாமியின் வீட்டுக்குப் போய், சேவ் பண்ண வைத்திருக்கிற அந்த கேசட் மேல் நின்று சேவ் பண்ணினேன். முதல் இடத்தில். மற்ற ஏழும் காலியாகவே கிடக்கிறது.