ஜவுளிக்கடை வேலைக்கு நடுவே ஒரு பி.காம்.

கல்லூரியைப் பாதியில் விட்டவர்களுக்கு நம் ஊரில் எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: "கரஸ்ல போட்டு முடிச்சிடு." எங்கே போடுவது, எந்த மாதம் போடுவது, போட்ட பிறகு என்ன செய்வது என்று கேட்டால் பேச்சு அதோடு நின்றுவிடும். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டே இக்னோவில், அதாவது இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், பி.காம். முடித்தவள் நான். இதே நிலையில் இருக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பதால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

முதல் வேலை, விட்டுவந்த கல்லூரியிலிருந்து சான்றிதழ்களை மீட்டது. அப்பாவுக்கு விபத்து ஆனபோது நான் இரண்டாம் ஆண்டு. வீட்டில் வருமானம் நின்றதால் படிப்பை விட்டேன். மீதி ஆண்டுகளின் கட்டணத்தையும் கட்டினால்தான் பத்தாவது, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்களைத் தருவோம் என்றது கல்லூரி அலுவலகம். எங்கள் பள்ளி டீச்சர்தான் வழி சொன்னார். அசல் சான்றிதழ்களை எந்தக் கல்லூரியும் பிடித்துவைக்கக் கூடாது என்று 2018 அக்டோபரில் யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னார். வாசலில் நின்று கெஞ்சியபோது கிடைக்காதது அந்தக் கடிதத்துக்குக் கிடைத்தது. இப்படி மாட்டிக்கொண்டிருப்பவர்கள் பேச்சோடு நிறுத்தாமல் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து, எங்கே சேர்வது. தமிழ்வழியிலேயே படிக்க வேண்டும் என்றால் 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நல்ல இடம். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. எனவே மனம் அங்கேதான் போனது. ஆனால் கடையில் டேலி என்ற கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி, வங்கிக் கடிதம் எல்லாம் ஆங்கிலத்தில்தான் ஓடின. எப்படியும் ஒருநாள் அந்த மொழியோடு மல்லுக்கட்டத்தான் வேண்டும், அதைப் படிப்போடு சேர்த்தே செய்துவிடுவோம் என்று இக்னோவைத் தேர்ந்தெடுத்தேன். பழைய கல்லூரியில் முதலாண்டில் தேறிய தாள்களை இந்தப் படிப்புக்கு மாற்றிக்கொள்ளத் தனியாக விண்ணப்பிக்கும் வழியும் உண்டு. பாடத்திட்டம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள், அதற்குத் தனிக் கட்டணம். எனக்கு எல்லாமே மறந்துபோயிருந்தது, முதலிலிருந்தே தொடங்கினேன்.

2021 ஜூலை அமர்வில் சேர்ந்தேன். ஆண்டுக்கு ஜூலை, ஜனவரி என்று இரண்டு முறை சேரலாம். விண்ணப்பம் முழுக்க ஆன்லைன், ஆண்டுக் கட்டணம் அப்போது மூவாயிரம் ரூபாய்க்குள்தான் இருந்தது. அச்சுப் புத்தகம் வேண்டாம், கணினியிலேயே படித்துக்கொள்கிறேன் என்றால் கட்டணத்தில் 15 சதவீதம் தள்ளுபடி. நான் புத்தகமே வாங்கினேன். கல்லாவுக்குக் கீழே வைத்துப் படிக்க செல்போன் சரிப்படாது. இப்போது சேர்பவர்கள் டிஜிலாக்கர் வழியாக, நம் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கணக்கான 12 இலக்க ஏபிசி எண்ணையும், யூஜிசி தளத்தில் தொலைநிலைப் படிப்பில் சேர்வோருக்கான டெப் எண்ணையும் முன்னதாகவே எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். என் காலத்தில் இந்த டெப் எண் இல்லை.

சேர்ந்த பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 132 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு என்று கையேட்டிலேயே இருக்கிறது. மூன்று வருடத்தில் முடிக்க ஞாயிறு, தீபாவளி பார்க்காமல் தினமும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் படிக்க வேண்டும். காலை ஒன்பதரைக்குக் கடைக்குப் போய் இரவு பத்து மணிக்கு வீடு திரும்புகிறவளுக்கு அது ஆகிற காரியமா? அப்போதுதான் ஆறு வருடம் வரை அவகாசம் இருப்பதன் அருமை புரிந்தது. மூன்று வருடம் என்று விளம்பரத்தில் போடுவதை வேலை பார்க்கிறவர்கள் நம்ப வேண்டாம் என்றே சொல்வேன். எனக்கு நான்கு வருடத்தைத் தாண்டியது.

இந்த அவகாசத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. யாரும் உங்களைத் தேட மாட்டார்கள். வகுப்புக்கு வரவில்லையா என்று கேட்க ஆள் கிடையாது. ஒரு தாளும் தேறாவிட்டாலும் அடுத்த ஆண்டுக்கு மறுபதிவு செய்துகொள்ளலாம், ஆனால் அதை நாமேதான் தேதி பார்த்துச் செய்ய வேண்டும். முதலில் ஆன்லைனில் நடந்த வகுப்புகள் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நேரில் நடந்தன. தொடக்கத்தில் நிறைந்திருந்த அறையில் போகப்போக நான்கைந்து பேர்தான் உட்கார்ந்திருப்போம். ஆசிரியர் ஒரு பாடத்தை முழுதாக நடத்த மாட்டார், நாம் படித்துவிட்டு வந்து கேட்டால் விளக்குவார். கேள்வி இல்லாமல் போகிறவர்களுக்கு அந்த ஞாயிறு வீண்.

அந்த நான்கைந்து பேரில் ஒருவர் அரசுப் பேருந்து கண்டக்டர், பி.ஏ. படித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை கால அவகாசம் முடிந்துபோய் மறுசேர்க்கை வாங்கி வந்தவர். டிக்கெட் பையில் இருப்பது போன்ற ரப்பர் பேண்டு சுற்றிய சின்ன நோட்டு ஒன்று அவரிடம் இருக்கும். மறுபதிவு எப்போது, தேர்வுப் படிவம் எப்போது, அசைன்மென்ட் கடைசித் தேதி எது என்று அத்தனையும் அதில் எழுதியிருப்பார். "தங்கச்சி, புஸ்தகத்தைத் தொடுறதுக்கு முன்னாடி அசைன்மென்ட்டை முடி. அந்த மார்க் ஒருதடவை ஏறிடுச்சுன்னா உன்னோடது. பரீட்சையில கோட்டை விட்டாலும் அது போகாது" என்றார். எனக்குக் கிடைத்த உருப்படியான வழிகாட்டல் இதுதான். மொத்த மதிப்பெண்ணில் அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. இரண்டிலும் தனித்தனியாக 35 சதவீதம் எடுக்க வேண்டும். தேர்வில் போனால் தேர்வை மட்டும் திரும்ப எழுதினால் போதும்.

அசைன்மென்ட்டைக் கையால்தான் எழுத வேண்டும். இரவு சாப்பாடு முடிந்து, ஏ4 தாளில் ஓரத்துக்கு மடிப்புக் கொடுத்து உட்கார்வேன். வணிகச் சட்டத் தாளில் ஒரு பத்தியைப் புரிந்துகொள்ளவே முதல் மாதங்களில் அரை மணி நேரம் ஆகும். பத்தியைத் தமிழில் எனக்கு நானே சத்தமாகச் சொல்லிப் பார்த்து, அப்புறம் ஆங்கிலத்தில் என் சொற்களில் எழுதுவேன். யூடியூபில் பார்த்து அப்படியே நகல் எடுக்கிறவர்களும் உண்டு. மதிப்பெண் வரும், ஆனால் தேர்வறையில் கை ஓடாது. எழுதி முடித்ததைக் கொடுத்தால் ரசீது வாங்காமல் நகரக் கூடாது என்பதும் கண்டக்டர் அண்ணன் சொன்னதுதான்.

தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். ஜவுளிக்கடை நாட்காட்டியோ வேறு: தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் மூச்சுவிட முடியாது, மே கடைசியிலிருந்து பள்ளிச் சீருடை, அது முடிந்தால் ஆடித் தள்ளுபடி. எந்தத் தேர்வில் எத்தனை தாள் எழுதுவது என்பதை நானே முடிவுசெய்யலாம் என்பதால் தப்பித்தேன். தீபாவளி முடிந்தபின் படிக்கக் கிடைப்பது கொஞ்ச நாள்தான், அதனால் டிசம்பருக்குக் கணக்கியல் போன்ற, வேலையிலேயே பழகிய தாள்களை வைத்துக்கொண்டேன். மனப்பாடம் கேட்கிறவை ஜூனுக்கு. தேர்வுகள் ஒரு மாதத்துக்கு மேலாகப் பரவி நடக்கும், ஒரு நாளில் காலை, மதியம் என இரண்டு வேளை. முதலாளியிடம் பத்து நாள் மொத்தமாக லீவு கேட்டால் வேலையே போய்விடும். நாலு நாளுக்கு ஒருமுறை அரை நாள் என்றால் முணுமுணுத்துவிட்டுக் கொடுத்துவிடுவார். கட்டணம் தாளுக்கு 200 ரூபாய் என்பதால், தயாராகாத தாளுக்குப் படிவம் போட்டு வீணடிப்பதில்லை என்று வைத்திருந்தேன்.

கல்யாணமாகித் திருப்பூர் போனபோது படிப்பு அவ்வளவுதான் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். தேர்வுப் படிவம் நிரப்பும்போது மையத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம், வேறு ஊரானாலும் சரி. கோவையில் எழுதினேன். மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொண்டார்.

பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவு நேர்காணலில் மேலாளர் "கரஸா?" என்று இழுத்தார். யூஜிசி அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யூஜிசியே தெளிவுபடுத்தியதைச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. ஒரு ஜிஎஸ்டி ரிட்டர்ன் கணக்கைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார், செய்தேன், வேலை கிடைத்தது.

போன மாதம் சித்தி மகன் வந்தான். பிளஸ் டூவில் இரண்டு பாடம் போய்விட்டது, அதை விட்டுவிட்டு எங்காவது நேரடியாக டிகிரி போட முடியுமா என்றான். பிறகு குரூப் 4, குரூப் 2 எழுத வேண்டுமாம். பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் படித்தால்தான் தமிழ்நாட்டில் அரசு வேலைக்குத் திறந்தநிலைப் பட்டம் செல்லும் என்று 2009-ஆம் ஆண்டின் அரசாணை 107 இருக்கிறது. அதைக் காட்டினேன். அப்படியானால் நர்சிங்கைத் தபாலில் படிக்கலாமா என்று கேட்டான். நர்சிங், பொறியியல், சட்டம் எதையும் தொலைநிலையில் படிக்க முடியாது, யாராவது சேர்த்துவிடுகிறேன் என்று பணம் கேட்டால் ஓடிவந்துவிடு என்றேன். இப்போது அந்த இரண்டு பாடத்துக்கும் துணைத் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறான்.