ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை

2009இல் வேலை போனபோது அப்பாவுக்கு 52 வயது. மூன்று மாதம் கழித்து அவருடைய பிரஷர் மாத்திரை அட்டை தற்செயலாகக் கையில் பட்டது. எப்போதோ தீர்ந்திருக்க வேண்டியது, பாதி அப்படியே இருந்தது. கேட்டதற்கு, "உடம்பு நல்லாத்தானே இருக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாப் போதும்மா" என்றார். காசை மிச்சம் பிடித்திருக்கிறார்.

பொருளாதார மந்தத்தில் மக்களின் உடல்நலம் மேம்படுவதுண்டு என்று பின்னாளில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அது பொய்யில்லை. பெருமந்தத்தின்போது அமெரிக்காவில், 1929இல் 57ஆக இருந்த சராசரி ஆயுள் 1933இல் 63ஐத் தாண்டியது. வண்டிகள் குறைவாக ஓடினால் விபத்தும் குறையும். ஆலை நின்றால் புகையும் நிற்கும். ஆனால் அதே ஆண்டுகளில் தற்கொலை ஏறியது. சராசரி என்பது வேலை தப்பியவர்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு. அப்பா மாதிரி ஆட்கள் அதில் கரைந்துபோகிறார்கள்.

ஆஸ்திரியாவில் மரியந்தால் என்று ஒரு சிற்றூர். ஊரே நம்பியிருந்த ஆலை மூடியபின், 1930களின் தொடக்கத்தில் சமூக உளவியலாளர் மேரி யகோடாவும் சக ஆய்வாளர்களும் அங்கே போனார்கள். தெருவில் ஆட்கள் நடக்கும் வேகத்தைக்கூட அளந்தார்கள். ஆண்களின் நடை தளர்ந்திருந்தது, வழியில் அடிக்கடி நின்றார்கள். வீட்டு வேலை குவிந்துகிடந்த பெண்கள் வேகமாகவே நடந்தார்கள். நூலகத்தில் கட்டணத்தை நீக்கிய பிறகும் புத்தகம் வாங்கிப்போவது குறைந்தது.

படித்ததும் எங்கள் வீடுதான் கண்முன் வந்தது. நாள் முழுக்க நேரம் கிடந்தும் அப்பா செய்தித்தாளைப் பிரிக்கமாட்டார். அம்மா ஓடிக்கொண்டே இருந்தாள். மாத்திரைக்குக் காசு இல்லாதது பாதிதான். எட்டு மணிக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை என்பது மீதிப் பாதி.

எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. சோவியத் ஒன்றியம் உடைந்தபின் ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 1994க்குள் 58க்கும் கீழே இறங்கியது. குடி அதில் பெரும்பங்கு. அதே காலத்தில் பின்லாந்தில் வேலையின்மை சுமார் 3 சதவீதத்திலிருந்து 16ஐத் தாண்டியது, தற்கொலையோ 1990ஐவிடக் குறைந்தது. அங்கே வேலை போனவர்களுக்கு உதவித்தொகை கிடைத்தது, தற்கொலைத் தடுப்புக்கென்றே தேசியத் திட்டம் ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. அரசு நினைத்தால் முடியும் என்று நான் நம்புவது இதனால்தான்.

அப்பாவுக்கு மறுபடி வேலை கிடைக்கப் பதினான்கு மாதம் ஆனது. அதற்குள் ஒரு மாத்திரை இரண்டாகியிருந்தது.