பத்து விநாடி

3 மார்ச் 2025

பஸ் ஸ்டாண்ட் பக்கம் பூ விற்கும் அக்கா இன்று கிளினிக்குக்கு வந்தார். 58 வயது. "தம்பி, கண்ணி நிக்க மாட்டேங்குது. நாரை இழுத்தா பூ நழுவுது" என்றார். ஒரு வருடமாகக் கை மரத்துப் போகிறதாம். முதலில் சுகரால் வந்தது என்று மாத்திரை. அப்புறம் மணிக்கட்டில் நரம்பு நெருக்கம் என்று பட்டை. டிசம்பரில் என்னிடமும் தோள்வலி என்று வந்தார், தோளுக்குப் பயிற்சி சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றே கையைச் சோதித்திருக்க வேண்டும். அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இன்று சோதித்தேன். கையை முன்னால் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக மூடித் திறக்க வேண்டும். 10 விநாடியில் 20 தடவையாவது வர வேண்டும். அக்காவுக்கு வலது 12, இடது 9.

எண்ணிக்கையைவிட மணிக்கட்டுதான் என்னைப் பயமுறுத்தியது. விரல்களை விரிக்கும்போதெல்லாம் அது கீழே மடிந்தது. தானாக விரிய முடியாத விரல்கள் மணிக்கட்டைத் துணைக்கு இழுக்கின்றன. விரல்களை ஒட்டவைத்து நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை, இடது சுண்டுவிரல் மெல்ல விலகித் தனியே நின்றது. அக்கா அதைக் கவனிக்கவே இல்லை.

ஜப்பானில் ஓனோ என்ற மருத்துவரும் உடன் இருந்தவர்களும் இந்தக் கையைப் பற்றி 1987-இல் எழுதினார்கள். கழுத்தில் தண்டுவடம் நசுங்கினால் கை இப்படித்தான் சொல்லும்.

4 மார்ச்

கால்களைப் பார்க்க மறுபடி வரச் சொல்லியிருந்தேன். மணிக்கட்டுப் பிரச்சினை என்றால் கால் ஏன் தடுமாற வேண்டும்? கழுத்துத் தண்டுவடம் என்றால் காலுக்குப் போகும் கட்டளையும் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

எதையும் பிடிக்காமல், தொடை தரைக்கு இணையாக வரும்வரை முழங்காலை மாற்றி மாற்றித் தூக்கும் சோதனை. இதுவும் 10 விநாடிதான். விழுந்துவிடக் கூடாது என்று பக்கத்திலேயே நின்றேன். 8 தடவைதான் தூக்க முடிந்தது. ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரல்நுனியில் ஒட்டி நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் மூன்றாவது அடியில் சுவரைப் பிடித்தார்.

நடுவிரல் நகத்தைச் சுண்டினேன். கட்டைவிரல் வெடுக்கென்று உள்ளே மடிந்தது. முழங்காலில் தட்டினால் கால் துள்ளியது. சுகர் மட்டும் காரணம் என்றால் இந்தத் துள்ளல் குறைந்திருக்க வேண்டும்.

"கழுத்துல பெல்ட் போட்டு இழுத்தா சரியாயிடும்னாங்களே, தம்பி?" என்றார். கூடவே கூடாது என்றேன். எண்ணெய் போட்டு நெட்டி முறிப்பதும் கூடாது என்று அவருடைய வீட்டுக்காரரிடமும் சொன்னேன். எண்களை எல்லாம் தாளில் எழுதி, எம்.ஆர்.ஐ. வேண்டும் என்று கடிதம் கொடுத்து அனுப்பினேன்.

8 மார்ச்

படம் வந்தது. ஐந்தாவது, ஆறாவது கழுத்தெலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறது. அழுத்திய இடத்தில் தண்டுவடத்துக்குள்ளேயே ஒரு வெள்ளைத் தடம்.

இந்த நோயைக் கண்டுபிடிக்கவே சராசரியாக 2 ஆண்டுக்கு மேல் ஆகிறது என்று படித்திருக்கிறேன். இனிக் கை மரப்பு என்று யார் வந்தாலும் முதலில் எண்ணுவேன். எண்ணிக்கை சரியாக வந்துவிட்டால் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது, அது தெரியும். ஆனால் 9 வந்தால் சும்மா விட முடியாதே.

19 மார்ச்

அறுவை சிகிச்சை நடந்தது. மேற்கொண்டு மோசமாகாமல் தடுப்பதுதான் முதல் நோக்கம், போனது எவ்வளவு திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா அதைப் புரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டார்.

5 மே

வலது 17, இடது 13. சுண்டுவிரல் இன்னும் விலகத்தான் செய்கிறது, ஆனால் கொஞ்சம் தாமதமாக.

பையிலிருந்து பிச்சிப்பூவையும் நாரையும் எடுத்து என் மேஜையிலேயே கட்ட ஆரம்பித்தார். நான் நேரம் பார்க்கவில்லை. ஒரு முழத்தில் மூன்று இடத்தில் பூ நழுவியது. அந்த மூன்றையும் அவிழ்த்து மறுபடி கட்டினார்.