இரண்டு சுருள்வில், ஒரு மணல் பை

பணகுடியில் ஆனி பிறந்துவிட்டால் கணவாய்க் காற்று வீட்டுக்குள் புகுந்து நாட்காட்டியைப் புரட்டும். காற்றாலைகளுக்கு நல்லது, சுருள்வில்லில் தொங்கவிட்டு அலைவை அளக்க நான் கட்டிய மணல் பைக்கு ஆகவில்லை. மேலும் கீழும் அசைய வேண்டிய பை பக்கவாட்டில் ஆடியது. சன்னல்களை அடைத்துவிட்டு, வியர்க்க வியர்க்க அளந்தோம்.

பதினோராம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகள்தான் துணை. ஊஞ்சல் கொக்கியில் சுருள்வில்லை மாட்டி, சுருக்குப்பையில் தேரி மணல் நிரப்பி, 200 கிராம் ஆக்கிக்கொண்டோம். பையை மாட்டியதும் வில் 8 செ.மீ. நீண்டது. அதே போன்ற இரண்டாவது வில்லைத் தொடரிணைப்பில், அதாவது ஒன்றின் அடியில் ஒன்றாக, கோத்தபோது 16 செ.மீ. இரண்டு வில்லும் முழு எடையையும் தாங்குகின்றன, ஆளுக்கு 8 செ.மீ. கொடுக்கின்றன. இரண்டையும் அருகருகே மாட்டும் பக்க இணைப்பில் எடை பாதியாகப் பிரிந்து 4 செ.மீ.தான்.

அலைவுநேரத்துக்கு, அதாவது பை ஒருமுறை மேலும் கீழும் போய்வரும் நேரத்துக்கு, 20 அலைவுகளை எண்ணினோம். சுவரில் நடுநிலைக்கு நேராகச் சுண்ணாம்புக் கோடு. பை அதைக் கீழ்நோக்கிக் கடக்கும்போது ‘சுழியம்’ என்று தொடங்க வேண்டும். ‘ஒன்று’ என்று தொடங்கினால் ஓர் அலைவு குறைந்துவிடும்.

நீட்சியிலிருந்து அலைவுநேரம் தரும் சூத்திரப்படி 20 அலைவுகளுக்கு ஒற்றை வில்லில் 11.35 நொடி, தொடரில் 16.06, பக்க இணைப்பில் 8.03 வர வேண்டும். வந்தவை 11.5, 16.4, 8.6. கடைசி எண் என்னை இரவெல்லாம் அரித்தது. காலையில் அவள்தான் கண்டுபிடித்தாள்: “சித்தப்பா, மூங்கில் பட்டையின் எடையை விட்டுவிட்டோமே!” இரண்டு வில்களின் அடிமுனைகளையும் சேர்த்துக் கட்டிய பட்டை 20 கிராம். அந்த அளவு மணலைக் கொட்டிவிட்டு மீண்டும் எண்ணினோம். 8.2 நொடி.

ஆனாலும் மூன்று அளவுகளும் கொஞ்சம் கூடுதலாகவே நின்றன. எண்ணுவதில் பிழை என்றால் ஒருமுறை கூடும், ஒருமுறை குறையும். இது எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தது. அப்போதுதான் வில்லுக்கும் எடை உண்டே என்று உறைத்தது. ஆசாரி பட்டறைத் தராசில் வைத்தால், ஒன்று 15 கிராம்.

வில்லின் மேல் சுற்று கொக்கியோடு அசையாமல் நிற்கிறது. அடிச் சுற்று பையின் முழு வேகத்தில் ஓடுகிறது. இடைப்பட்டவை இருக்கும் இடத்துக்கு ஏற்ப. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், கூட்டிப் பார்த்தால் வில்லின் எடையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் பையோடு சேர்கிறது. ஒற்றை வில்லுக்கு 5 கிராம், இரட்டைக்கு 10. திருத்திய கணக்கு 11.50, 16.45, 8.23 என்று வந்தபோது இருவரும் சத்தம் போட்டுவிட்டோம். தொடர் நேரம் பக்க இணைப்பு நேரத்தைப் போல இரு மடங்கு என்பதும் அப்படியே நின்றது.

அடுத்து, ஒரு வில்லைச் சரிபாதியாக வெட்டப் போகிறோம். விறைப்பு, அதாவது அதே அளவு நீட்டத் தேவையான விசை, இரட்டிப்பாகும், எடையோ 7.5 கிராம்தான். 20 அலைவுக்கு 8.08 நொடி என்று நோட்டில் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறாள்.