ஃபாக்ஸ்ப்ரோ கோப்புகளுக்கு ஓப்பன்மெட்டாடேட்டா கனெக்டர் எழுதிய அனுபவம்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலைக்கு டேட்டா வேலை செய்து கொடுக்கிறேன். புதிய கணக்கெல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கிறது. எடைமேடைச் சீட்டும் ஆய்வகப் பதிவும் மட்டும் இன்னும் ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில், டிபிஎஃப் (.dbf) கோப்புகளாக; ஒரு கோப்பு என்பது ஒரு டேபிள். எந்த மண்டியிலிருந்து எவ்வளவு தோத்தாபுரி வந்தது, கூழின் பிரிக்ஸ் (சர்க்கரை அளவு) எவ்வளவு என்று கேட்டால் அங்கேதான் போக வேண்டும். எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்று ஒரே இடத்தில் பார்ப்பதற்காக ஓப்பன்மெட்டாடேட்டா என்ற தரவு அட்டவணை மென்பொருளை நிறுவினோம். டேபிள்களின் விவரத்தைப் படித்து அதற்கு அனுப்பும் நிரல்தான் கனெக்டர். போஸ்ட்கிரெஸ்ஸுக்கு அதிலேயே கனெக்டர் உண்டு. டிபிஎஃப்-க்கு நாமே எழுத வேண்டியிருந்தது.

எழுத வேண்டியது ஒரு பைத்தான் கிளாஸ். அவர்கள் கொடுத்திருக்கும் சோர்ஸ் கிளாஸிலிருந்து பெற்று, இணைப்பைச் சோதிக்க ஒரு மெத்தட், சர்வீஸ், டேட்டாபேஸ், ஸ்கீமா (டேபிள்களின் தொகுப்பு), டேபிள் என்று வரிசையாக ஒவ்வொன்றாகத் தர (யீல்டு) ஒரு மெத்தட், இன்னும் சில சின்ன மெத்தடுகள். அமைப்புக் கோப்பில் வகையைக் கஸ்டம் டேட்டாபேஸ் என்று வைத்து கிளாஸின் பெயரைக் கொடுத்தால் போதும். கோப்புகள் இருக்கும் ஃபோல்டரின் பாதை கனெக்‌ஷன் ஆப்ஷன்ஸில் போகும்.

டிபிஎஃப்-பைப் படிக்க டிபிஎஃப்ரீட் என்ற பைத்தான் நூலகம் இருக்கிறது. நமக்குப் பதிவுகள் தேவையில்லை. கோப்பின் தலைப்பகுதியிலேயே ஒவ்வொரு காலத்தின் (column, நெடுவரிசை) பெயர், வகை, நீளம் எல்லாம் இருக்கிறது. மெமோ கோப்பு (நீண்ட குறிப்புகளைத் தனியாக வைக்கும் துணைக் கோப்பு) காணாமல் போயிருந்தால் நூலகம் பிழை தரும். அதைப் பொருட்படுத்தாதே என்று சொல்ல ஒரு ஆப்ஷன் உண்டு, பழைய ஃபோல்டர்களுக்கு அது அவசியம். எழுத்து வகைக் காலத்தை வார்கேர் (varchar) வகையாக அனுப்பும்போது நீளத்தையும் சேர்த்தே அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் சர்வர் ஏற்காது. ஒரு கோப்பு கெட்டுப்போயிருந்தால் மொத்த ஓட்டமும் நிற்கக்கூடாது. அதற்குத்தான் ஐதர் என்ற உறை: இடப்பக்கம் பிழை, வலப்பக்கம் டேபிள்.

நான் அதிக நேரம் யோசித்தது பெயர் அடுக்கைப் பற்றி. இங்கே சீசனுக்கு ஒரு ஃபோல்டர், ஒவ்வொன்றிலும் அதே பெயரில் அதே கோப்புகள். ஃபோல்டரையே ஸ்கீமாவாக வைப்பதுதான் சுலபம். ஆனால் ஓப்பன்மெட்டாடேட்டாவில் ஒரு டேபிளின் அடையாளமே சர்வீஸ், டேட்டாபேஸ், ஸ்கீமா, டேபிள் என்று புள்ளி வைத்துச் சேர்த்த முழுப்பெயர்தான். ஒவ்வொரு மே மாதமும் புது ஸ்கீமா முளைத்தால், போன வருடம் எழுதிய விளக்கங்கள் பழைய டேபிளிலேயே தங்கிவிடும். அதனால் எடைமேடை ஒரு ஸ்கீமா, ஆய்வகம் ஒரு ஸ்கீமா என்று பிரித்து, எல்லா சீசன் கோப்புகளின் நெடுவரிசைகளையும் ஒரே டேபிளில் சேர்த்தேன். நீளம் மாறியிருந்தால் பெரியதை எடுத்துக்கொள்ளும். நிரல் கொஞ்சம் நீண்டது, அது தகும்.

ஏனென்றால் விளக்கம் இல்லாமல் இந்தக் கோப்புகளுக்கு அர்த்தமே இல்லை. டிபிஎஃப்-பில் காலத்தின் பெயர் பத்து எழுத்துக்கு மேல் போக முடியாது. என்டபிள்யூடி, என்டபிள்யூடி2 என்று இரண்டு இருக்கும்.

"அண்ணா, இந்த ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று எடைமேடையில் இருப்பவரிடம் கேட்டேன்.

"முதல்ல இருக்கிறது வண்டி எடை கழிச்சது தம்பி. ரெண்டாவது, அழுகல் காயும் கழிச்சது. மண்டிக்குப் பணம் ரெண்டாவதுலதான் போகும்."

அந்தப் பதிலை அப்படியே காலத்தின் விளக்கத்தில் எழுதினோம். கனெக்டரை மறுபடி ஓட்டினாலும் அது அழியாது: மனிதர் எழுதி வைத்த விளக்கத்தின் மேல் இன்ஜெஷன் பாட் (கனெக்டர் ஓடும் தானியங்கிக் கணக்கு) எழுதுவதை சர்வர் இயல்பாக அனுமதிப்பதில்லை.

கனெக்டரை ஓட்ட, ஓப்பன்மெட்டாடேட்டாவின் இன்ஜெஷன் இமேஜின் (கனெக்டர்கள் ஓடும் தயார்நிலை டாக்கர் பொதி) மேல் நம் பேக்கேஜை நிறுவி புது டாக்கர் இமேஜ் உருவாக்க வேண்டும். இன்ஜெஷன் இமேஜின் பதிப்பும் சர்வர் பதிப்பும் ஒன்றாக இருக்கட்டும். எடைமேடை டேபிள்கள் முடிந்துவிட்டன. சீசன் சூடுபிடித்தால் ஆய்வகத்தில் யாருக்கும் பேச நேரம் இருக்காது, அதற்கு முன்பே அவர்களோடு உட்கார வேண்டும்.