பஞ்சு மாதிரி இருந்த சீட்

மலேசியாவில், வீடு பட்டர்வொர்த், வேலை பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பினாங்குப் பாலம், பதிமூன்றரை கிலோமீட்டர். 2019-இலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு டோல் கிடையாது. மிச்சமாகும் காசை மோட்டாருக்கே கொட்டி அழுகிறேன் என்பாள் மனைவி. பொய்யில்லை.

போன வருடம் என் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் பின் சீட்டைக் கழற்றிவிடலாம் என்று தோன்றியது. அவளிடம் கேட்டேன். "தாராளமா கழட்டுங்க. பாலத்து நடுவுல மழையில நனைஞ்ச அன்னைக்கே நான் காருக்கு மாறிட்டேன்" என்றாள். சரி, வழி விட்டாயிற்று.

இணையத்தில் ஒரு தனி சீட் பார்த்தேன். பழுப்புத் தோல், அடியில் இரண்டு ஸ்பிரிங், முக்கோணமாக அந்தக் காலத்துச் சைக்கிள் சீட் போல. 280 வெள்ளி (ரிங்கிட்). வந்ததும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், பஞ்சாக உள்ளே போனது. அதிலேயே மயங்கிவிட்டேன். பாலத்தில் ஒரு வாரம் ராஜா மாதிரி போய் வந்தேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஈப்போவுக்கு நெடும் பயணம். குனோங் செமாங்கோல் ஓய்விடம் வருவதற்குள் இடம் வலம் என்று நெளிய ஆரம்பித்துவிட்டேன். சுங்கை பேராக் ஓய்விடத்தில் எல்லோரும் உட்கார்ந்து தே தாரிக் குடிக்க, நான் மட்டும் நின்றேன். "ஏன்டா, மூலமா?" என்று ஒருத்தன் கேட்டான். சிரிக்கக்கூட முடியவில்லை. தொடைக்குப் பின்னால் மரத்துப் போய், முதுகெலும்பின் நுனி மட்டும் விண் விண்ணென்று தெறித்தது.

பிறை என்ற ஊரில் லாரி சீட் தைக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். சீட்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, "தம்பி, இது உட்கார்ற சீட் இல்ல, பார்க்கிற சீட்" என்றார். பிறகு ஒரு பெட்டி அட்டையைத் தரைமேடையில் போட்டு, முழங்காலை உயர்த்தி அதில் உட்காரச் சொன்னார். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழி. அளந்தார். நடுவுக்கு நடு 12 செ.மீ. உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டியவை குழி போட்ட அந்த இரண்டு பிட்டத்து எலும்புகள்தானாம். மெத்தென்ற ஸ்பாஞ்ச் அரை மணியில் நசுங்கிப் படுத்துவிடும். எலும்பு அடித்தகட்டைத் தொடும், சுற்றியுள்ள சதை பிதுங்கி ரத்த ஓட்டம் அடைபடும். மரத்துப் போவது அதனால்தான். என் சீட்டிலோ இரண்டு எலும்பும் விளிம்பில்தான் நின்றிருக்கின்றன. பாரமெல்லாம் நடுவில் இறங்கியிருக்கிறது.

ஸ்பிரிங் கதை வேறு. பின் சக்கரத்துக்குச் சஸ்பென்ஷனே இல்லாத காலத்தில் அது தேவைப்பட்டது. ஹார்லி டேவிட்சனின் பெரிய மோட்டார்களுக்கே 1958-இல்தான் பின் சஸ்பென்ஷன் வந்தது. என் வண்டியில்தான் பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பர் இருக்கிறதே! ஷாக் ஒரு தாளத்தில் குதிக்க, சீட் இன்னொரு தாளத்தில் குதித்தது.

அண்ணன் வண்டியோடு வந்த பழைய சீட்டின் தகட்டையே எடுத்துக்கொண்டார். அடியில், துண்டு ஸ்பாஞ்சை அழுத்திச் செய்த கெட்டி ரகம். கட்டைவிரல் அரை அங்குலம்கூட இறங்காது. மேலே மட்டும் மெல்லிசாக மென்மையான ஒன்று. நீளக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, என்னை உட்கார வைத்து, மறுபடி தேய்த்து… மூன்று தடவை. முன்பக்கம் சரிவு இருந்ததால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பெட்ரோல் டாங்கியில் போய் முட்டிக்கொண்டிருந்தேன், அதைச் சமமாக்கினார். பின்னால் முதுகெலும்பின் நுனிக்கு ஒரு பள்ளம். இடுப்புக்குப் பின்னே சின்ன மேடு வேண்டும் என்றேன். "வைக்கலாம், ஆனா நாலு விரல் தள்ளி. தனி சீட்ல ஒரே இடத்துல பூட்டிட்டா நகர முடியாம செத்துருவீங்க" என்றார்.

உயரம் 2 செ.மீ. கூடிவிட்டது. கம்பெனி சீட்டே 805 மி.மீ., நானோ ஐந்தரை அடி. சிக்னலில் பாதி பாதம்தான் தரையில் படுகிறது. ஆனால் முழங்கால் அவ்வளவாக மடங்குவதில்லை, அதனால் எனக்குச் சம்மதம்தான். உறை விஷயத்தில் மட்டும் என் பேச்சு எடுபடவில்லை. இந்த ஊர் மழைக்குத் தோல் ஆகாது என்று ரெக்சின் போட்டார். உட்காரும் இடத்தில் ஒரு தையல்கூட இல்லை. தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் ஸ்பாஞ்ச் வாரக்கணக்கில் காயாதாம்.

முதல் வாரம் மரப்பலகையில் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. ஏமாந்துவிட்டோமோ என்று நினைத்தேன். போன மாதம் மறுபடி ஈப்போ. சுங்கை பேராக்கில் உட்கார்ந்துதான் தே குடித்தேன், இரண்டு கோப்பை.

பழுப்பு சீட்டை மகன் ஒரு ஸ்டூல் மேல் முடுக்கி வாசலில் போட்டிருக்கிறான். சப்பாத்துக் கயிறு கட்டும் நேரத்துக்கு அருமையான சீட்.