ஆர்ல்: அரங்கத்துக்குள் ஓர் ஊர்

தென் பிரான்சில் ரோன் ஆற்றங்கரையில் இருக்கும் ஆர்ல் நகரத்தின் பழைய செதுக்கோவியம் ஒன்றைப் பார்த்தபோதுதான் அங்குள்ள ரோமானிய ஆம்பிதியேட்டர் என்னும் திறந்தவெளி அரங்கத்தின் மீது எனக்கு ஈடுபாடு வந்தது. அதில் வீரர்கள் இல்லை, விலங்குகளும் இல்லை. நீள்வட்டச் சுவருக்குள் ஓட்டு வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

கி.மு. 46இல் ஜூலியஸ் சீசரின் ஆறாம் படையணியிலிருந்து ஓய்வுபெற்ற வீரர்கள் குடியேற்றப்பட்ட இந்நகரத்தில், கி.பி. 90ஐ ஒட்டி இந்த அரங்கம் எழுந்தது. ரோமின் கொலோசியம் அதற்குச் சுமார் பத்தாண்டுகளுக்கு முன்புதான் திறக்கப்பட்டிருந்தது. 136 மீட்டர் நீளம், ஏறத்தாழ 109 மீட்டர் அகலம், இரண்டு அடுக்குகளிலும் அறுபது அறுபதாக வளைவுகள், இருபதாயிரம் பேருக்கு இருக்கை என்று அமைந்த இதில், கிளாடியேட்டர் எனப்பட்ட வாள்வீரர்களின் சண்டைகளையும் விலங்கு வேட்டைகளையும் காண வந்த கூட்டம் முட்டிமோதாமல் ஏறி இறங்குவதற்கு வளைவுகளின் உட்புறம் நடைவழிகளும் படிக்கட்டுகளும் இருந்தன.

மேற்கு ரோமப் பேரரசு வீழ்ந்த பின்னர், பாதுகாப்பற்ற காலத்தில், இவ்வளவு தடித்த சுவரைச் சும்மா விட்டுவைக்க யாருக்கு மனம் வரும்? வளைவுகளை அடைத்து, மேலே நான்கு காவல் கோபுரங்களை எழுப்பி, மக்கள் இதைக் கோட்டையாக்கிக்கொண்டார்கள். பின்னர் பார்வையாளர் படிகளின்மேலும் களத்தின் நடுவிலும் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் முளைத்தன. இரண்டு சிறு தேவாலயங்களும் வந்தன. வீடு கட்டுவதற்கு அரங்கத்தின் கற்களையே பெயர்த்தார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் ஆள் குடியிருந்ததால்தான் வெளிச்சுவர் இந்த அளவுக்கேனும் நிலைத்தது என்பது என் எண்ணம்.

1825இல் நகர மேயரின் முயற்சியால் வீடுகளை அகற்றும் பணி தொடங்கியது. 1830இல், அல்ஜியர்ஸ் நகரத்தைப் பிரெஞ்சுப் படை கைப்பற்றியதைக் கொண்டாடும் விதமாக, களத்தில் மீண்டும் காளைகள் இறங்கின. ரோமானியச் சின்னத்தை மீட்டவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆயினும் பல நூற்றாண்டுகள் நீடித்த ஒரு குடியிருப்பைக் குப்பையைப் போல வாரிக் கொட்டியதும் வரலாற்றுக்கு நேர்ந்த இழப்புத்தானே?

இன்றும் ஈஸ்டர் காலத்திலும் செப்டம்பரிலும் இங்கே காளை விழாக்கள் நடக்கின்றன. ஸ்பானிய முறைச் சண்டையில் காளை கொல்லப்படுகிறது. ரோன் ஆற்றின் கழிமுகமான காமார்க் பகுதிக்கே உரிய விளையாட்டில் அப்படியில்லை. வெள்ளுடை அணிந்த இளைஞர்கள் காளையின் கொம்புகளில் கட்டியிருக்கும் நாடாவையும் குஞ்சங்களையும் சிறு கொக்கியால் பறித்துவிட்டுத் தடுப்பைத் தாண்டிக் குதிப்பார்கள். காளை உயிரோடு தன் மேய்ச்சல் நிலத்துக்குத் திரும்பும்; பேர்பெற்ற காளையாக இருந்தால் சுவரொட்டியில் அதன் பெயர்தான் பெரிதாக இருக்கும்.

1888இல் ஆர்லில் தங்கியிருந்த வின்சென்ட் வான் கோ இந்த அரங்கத்தை வரைந்திருக்கிறார். அந்த ஓவியத்தை நிறைத்திருப்பது கூட்டம்தான். காளையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான்கு கோபுரங்களில் மூன்று இன்னும் சுவரின்மேல் நிற்கின்றன.